நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்? வரலாற்று நாவல் உருவாகும் விதம் பற்றி ஓர் எளிய விளக்கம்

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதல் பாகம் 2022ஆம் ஆண்டு வெளிவந்த சில வாரங்களில், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்து, "சித்தப்பா, நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்?" என்று கேட்டாள். அவள் அந்தக் கதைக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம், எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் எல்லாமே பொய்தானா?" என்றாள்.

அவள் கேட்ட இரண்டு கேள்விகளையும் சென்னையில் புத்தகம் வாசிக்கிறவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். ஒரு சாரார் நாவலில் வந்த உரையாடலைக்கூட வரலாற்றுச் செய்தியாக எடுத்துக்காட்டுகிறார்கள். நாவலில் ஒரு பாத்திரம் கெட்டவனாக வந்துவிட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தக் குடியினர் அனைவரும் கெட்டவர்கள் என்றே முடிவுகட்டி விடுகிறார்கள். மற்றொரு சாரார், கதைதானே, இதில் வரலாறு எங்கே வந்தது என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் மிகவும் விரும்பி வாசிக்கும் இலக்கிய வகை வரலாற்று நாவல்தான். அது எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்த இரண்டு தவறுகளிலிருந்தும் விலகலாம் என்பதாலும், வாசிப்பின் இன்பம் அதனால் குறையாமல் பெருகும் என்று உறுதியாக நம்புவதாலும், கல்வெட்டியலில் எந்தப் பயிற்சியும் இல்லாத வாசகருக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு பழைய கிரயப் பத்திரம்

கல்வெட்டுக்குப் போவதற்கு முன் நம் வீட்டு அலமாரியில் இருந்து தொடங்கலாம். சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் பாட்டனாருக்கு ஒரு சிறிய வீடு இருந்தது. அதை அவர் 1942ஆம் ஆண்டு மே மாதம் விற்றார். அந்தக் கிரயப் பத்திரத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது. விற்றவர் யார், வாங்கியவர் யார், என்ன விலை, வீட்டின் நான்கு எல்லைகளில் யாருடைய மனைகள் இருந்தன, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பவை அதில் தெளிவாக இருக்கின்றன. விற்றதற்கான காரணம் மட்டும் 'குடும்பச் செலவிற்காக' என்ற வழக்கமான ஒரே சொற்றொடரில் முடிந்துவிடுகிறது.

காரணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கதைகள் உண்டு. மூத்த அத்தையின் திருமணச் செலவுக்காக விற்றார் என்பார் ஒருவர். சண்டைக்குப் பயந்து ஊரைக் காலி செய்தபோது வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார் என்பார் இன்னொருவர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசியதையும், அதையடுத்துச் சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்குச் சென்றதையும் நாம் அறிவோம். பத்திரத்தில் உள்ள தேதி அதற்கு அடுத்த மாதத்தைச் சேர்ந்தது. ஆகவே இரண்டாவது கதைக்கு வலுக் கூடுகிறது. ஆனாலும் முதல் கதை பொய் என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

இப்போது ஓர் எழுத்தாளர் இந்த வீட்டைப் பற்றி நாவல் எழுதுகிறார் என்று கொள்வோம். கையெழுத்துப் போடுவதற்கு முந்திய இரவு, பெட்டிகள் கட்டி வைக்கப்பட்ட கூடத்தில், பாட்டனார் தூங்காமல் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் எழுதக்கூடும். அந்த இரவு பத்திரத்தில் இல்லை. குடும்பக் கதைகளிலும் இல்லை. ஆனால் அது பத்திரத்தோடு எவ்விதத்திலும் மோதவில்லை. மாறாக, பாட்டனார் அந்த வீட்டை 1950ஆம் ஆண்டுவரை வைத்திருந்தார் என்று எழுதினால் அது பத்திரத்தோடு நேராக மோதும்.

இந்தச் சிறிய உதாரணத்திலேயே நமக்கு வேண்டியவை எல்லாம் வந்துவிட்டன. பத்திரம் சொல்வது ஒன்று, பத்திரத்தையும் காலத்தையும் சேர்த்துப் பார்த்து நாம் எண்ணுவது ஒன்று, யாரும் பார்த்திராததை எழுத்தாளர் எழுதிக் காட்டுவது ஒன்று. இனி வருவதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

கல்லிலும் செம்பிலும் உள்ள பத்திரங்கள்

ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்திலேயோ, அதற்கு மிக அண்மையிலேயோ உருவாகி இன்றுவரை எஞ்சியிருக்கும் பதிவை 'முதன்மைச் சான்று' என்பர். நாட்குறிப்பு, கடிதம், அரசாணை, கணக்கேடு ஆகியவை இதில் அடங்கும். இடைக்காலத் தமிழகத்தைப் பொறுத்தவரை இதில் பெரும் பங்கு கல்வெட்டுகளுக்கும் செப்பேடுகளுக்கும் உரியது. கோவில் சுவரில் வெட்டப்பட்டது கல்வெட்டு. செப்புத் தகடுகளில் பொறித்து வளையத்தில் கோத்து அரச முத்திரையிட்டது செப்பேடு.

கல்வெட்டு என்றதும் வீர வரலாறு எழுதி வைத்திருப்பார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிலம், பொன், ஆடு, விளக்கு, நெல் பற்றியவை. அதாவது எங்கள் பாட்டனாரின் கிரயப் பத்திரத்துக்கு மூதாதைகள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோவில் நிலம் அடகு வைக்கப்பட்டதையும், பின்னர் ஒருவர் அதை மீட்டு இறைவனுக்குரிய திருவமுது மீண்டும் நடக்கும்படி செய்ததையும் அது கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான கல் அது; நாள்தோறும் எத்தனையோ பேர் அதைக் கடந்து செல்கிறார்கள். அடகு வைத்தவரின் வீட்டில் அப்போது என்ன நெருக்கடி இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கும் ஒருவருக்கு அங்கேயே ஒரு நாவல் தொடங்கிவிடும்.

செப்பேடுகள் சற்று வேறுபட்டவை. அவற்றின் முற்பகுதியில் பெரும்பாலும் வடமொழிச் செய்யுளாக அரச மரபின் புகழ் வரும். பிற்பகுதியில் தமிழில் நிலத்தின் எல்லைகள் வரும். முற்பகுதியை எழுதியவர் அரசவைப் புலவர் என்பதை நாம் மறக்கலாகாது. இராசராசன் காலத்திலிருந்து கல்வெட்டுகளின் தொடக்கத்திலும் தமிழில் இத்தகைய புகழுரை வரத் தொடங்கியது. அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் அந்தப் பகுதிக்கு 'மெய்க்கீர்த்தி' என்று பெயர்.

புகழுரையை நம்புவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற தொடர் நல்ல எடுத்துக்காட்டு. கலம் என்பதற்கு மரக்கலம் என்று பொருள் கொண்டால், காந்தளூர்த் துறையில் சேரரின் கப்பல்களை அழித்தான் என்று ஒரு கடற்போர் பிறக்கிறது. உண்கலம் என்று பொருள் கொண்டால், சாலை என்ற நிறுவனத்தில் நடந்துவந்த உணவளிப்பை நிறுத்தினான் அல்லது ஒழுங்குபடுத்தினான் என்று முற்றிலும் வேறான காட்சி வருகிறது. இரண்டு பொருளுக்கும் அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். நாவலாசிரியர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த பிறகு அது அவருடைய கதையில் ஐயமில்லாத நிகழ்ச்சியாக ஆகிவிடும். வாசகர் அதை மட்டும் வாசித்தால், அந்தச் சொல்லுக்குள் ஒரு வழக்கு இன்னும் முடியாமல் இருப்பதை அறியவே மாட்டார்.

உடையார்குடிக் கல் சொல்வதும் சொல்லாததும்

இனி நந்தினிக்கு வருவோம். கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தம் வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். ஐந்து பாகங்கள் கொண்ட அந்த நாவலின் நடுவில் இருப்பது ஒரு கொலை. சுந்தர சோழரின் மூத்த மகனும் இராசராசனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். இது கற்பனை இல்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோவில் சுவரில் இதற்குச் சான்று இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு இராசராசனின் 2ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் கொலையைப் பற்றிய விவரம் எதுவும் இல்லை. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஓலை அதில் பதிவாகியிருக்கிறது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக்' கொன்று துரோகிகளானவர்களுடைய உடைமைகளையும், அவர்களுடைய உறவினரின் உடைமைகளையும் கைப்பற்றுவது பற்றியது அந்த ஓலை. அந்த நிலங்களில் ஒரு பகுதியைப் பின்னர் ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்காக எழுதிவைத்த செய்தியும் அக்கல்வெட்டில் இருக்கிறது. துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்கள் வருகின்றன. மலையனூரான் என்ற ஒருவரும் சுட்டப்படுகிறார். இரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரம்மாதிராசன்' என்றும், பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரம்மாதிராசன்' என்றும் பட்டங்கள் இருந்தன.

இதே நிகழ்ச்சியை இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு எப்படிக் கூறுகிறது என்று பாருங்கள். பாண்டியனின் தலையை வெற்றித்தூண் போலத் தன் நகரில் நிறுத்திவிட்டு, விண்ணுலகைக் காணும் ஆவலால் ஆதித்தன் மறைந்தான் என்கிறது அதன் செய்யுள். கொலை என்ற பேச்சே இல்லை. அதையடுத்து, குடிமக்கள் வேண்டியும் அருண்மொழி (பின்னாளில் இராசராசன்) அரசை ஏற்க மனத்தாலும் விரும்பவில்லை, தன் சிறிய தந்தைக்கு அந்த ஆசை இருந்த வரையில் அதைத் தொடவில்லை என்றும் கூறுகிறது. குடும்பத்துப் பெருந்துயரை அரசவைப் புலவர் ஒரே வரியில் மூடி வைத்திருக்க, நில விவகாரத்தைப் பதிந்த ஊர்க் கல்லோ 'கொன்று' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நான் முதன்முறையாக இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது. எந்த நாவலின் எந்தத் திருப்பமும் அதற்கு ஈடாகாது என்று இன்றும் எண்ணுகிறேன்.

இந்தச் சான்றுகள் விட்டுச்செல்லும் இடைவெளிகள் பெரியவை. ஆதித்தன் எங்கே, எப்படிக் கொல்லப்பட்டான்? கொன்றவர்களின் நோக்கம் என்ன? அவர்களைத் தூண்டியவர் எவரேனும் உண்டா? ஆதித்தனுக்குப் பின் அந்தச் சிறிய தந்தையான உத்தம சோழன் சுமார் 15 ஆண்டுகள் ஆண்டான். இராசராசன் 985இல்தான் அரியணை ஏறினான். அப்படியானால் உடைமைகளைக் கைப்பற்றும் ஓலை ஏன் இராசராசன் காலத்தில் வருகிறது? இதை வைத்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். மற்றொரு வரலாற்றாசிரியரான சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அந்தக் கல்வெட்டு தண்டனையின் தொடக்கத்தைத்தான் சொல்கிறதா, முன்பே தொடங்கிய ஒரு நடவடிக்கையின் எச்சத்தைச் சொல்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. இவற்றுக்கு இறுதியான விடை இல்லை.

நாவலாசிரியர் வந்து நிற்கும் இடம் இந்த இடைவெளிதான். கொலையுண்டவனுக்குப் 'பாண்டியன் தலைகொண்ட' என்ற அடைமொழி. கொன்றவரில் ஒருவனுக்குப் 'பஞ்சவன்' என்ற, பாண்டியனைக் குறிக்கும் சொல் கொண்ட பட்டம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தலையிழந்த பாண்டியனுக்காக நிகழ்ந்த பழிவாங்கல் என்ற கதைக்கு ஒரு வழி திறக்கிறது. அந்தப் பழியைச் சுமப்பதற்கு, சோழ அரண்மனைக்குள் நுழையக்கூடிய, ஆதித்தனின் மனத்தைக் கலக்கக்கூடிய ஒரு பாத்திரம் கதைக்குத் தேவைப்பட்டது. நந்தினி அங்கே பிறந்தாள். அவள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவள் பிறந்த இடத்தின் நான்கு எல்லைகளையும் கல்வெட்டுகள் குறித்து வைத்திருக்கின்றன.

அந்த எல்லைகள் எவ்வளவு வலிமையானவை என்பதற்கு இன்னொரு சான்று தருகிறேன். நாவலை இதுவரை வாசிக்காதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிச் செல்லலாம். கதை முழுவதும் அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனை நாம் விரும்பத்தகாதவனாகவே பார்க்கிறோம். ஆனால் மதுராந்தகன் என்ற உத்தம சோழன் உண்மையில் ஆண்டிருக்கிறான். கல்லும் செம்பும் அதைச் சொல்கின்றன. நாவலாசிரியரால் அதை மாற்ற முடியாது. கெட்டவனை அரியணையில் அமர்த்தினால் கதையின் அறம் குலையும். அமர்த்தாவிட்டால் வரலாறு குலையும். கல்கி கண்ட வழி, பிறந்தபோதே குழந்தைகள் மாறிவிட்டன என்பதும், பூக்கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்பதும் ஆகும். சான்று கதையை இப்படித்தான் வளைக்கிறது. உத்தம சோழனின் செப்பேடு ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. காஞ்சிபுரத்து ஊரகம் கோவிலின் வரவு செலவுகளைப் பற்றியது அது. நாவலில் கடைசியில் மட்டும் அரசனாகும் ஒருவரின் ஆட்சி, அன்றாட நிர்வாகமாக அதில் நடந்துகொண்டிருக்கிறது.

நாவலில் சதி செய்பவர்களாக வரும் பழுவேட்டரையர்களைப் பற்றியும் ஒரு சொல். பழுவூரை ஆண்ட அந்தச் சிற்றரசர் குடி உண்மையில் வாழ்ந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள பழுவூர்க் கோவில்களில் அவர்களுடைய கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழரோடு அவர்களுக்கு மண உறவும் இருந்தது. சுரங்கப் பாதையும் நள்ளிரவுச் சதியும் நாவலுக்கு உரியவை. இவற்றைப் பிரித்தறியாமல் உண்மையான ஒரு குடியின்மேல் பழி சுமத்துவது, உத்தம சோழனைக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவதைப் போலவே அநீதியானது.

ஆக, கொலை நடந்தது என்பதும் கொன்றவர் சிலரின் பெயர்களும் கல்வெட்டில் இருக்கின்றன. அவர்களின் நோக்கம் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். நந்தினியின் சீற்றமும் கண்ணீரும் நாவலில் மட்டுமே உண்டு.

சான்று, ஊகம், கற்பனை

மேலே கண்ட மூன்றுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். பதிவில் இருப்பது 'சான்று'. சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இப்படி நடந்திருக்கக்கூடும் என்று காரணம் காட்டிச் சொல்வது 'ஊகம்'. காரணம் காட்ட வேண்டிய கடமை இல்லாமல், ஆனால் சான்றோடு மோதாமல், மனிதரையும் காட்சியையும் படைப்பது 'கற்பனை'.

வரலாற்றாசிரியர் முதல் இரண்டோடு நின்றுகொள்கிறார். தம் ஊகத்தை ஊகம் என்று அறிவித்துவிட்டுத்தான் எழுதுகிறார். நாவலாசிரியர் மூன்றையும் ஒரே நடையில், ஒரே உறுதியோடு எழுதுகிறார். 'அன்று ஆடிப் பெருக்கு' என்று தொடங்கும் கதையில், இது என் ஊகம், இது என் கற்பனை என்று இடையிடையே நிறுத்திச் சொன்னால் வாசகர் அந்தக் காலத்துக்குள் நுழையவே முடியாது. எனவே மூன்றும் ஒரே நிறத்தில் கலந்திருப்பது இந்த இலக்கிய வகையின் இயல்பு. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை வாசகருக்கு உரியது. அதை அவர் செய்யாதபோதுதான் நாவல் வரலாறாக உலவத் தொடங்குகிறது.

வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையாரைக் குறிப்பிடும்போது 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று வருகிறது. அவர் வாழ்ந்தார், குந்தவையின் கணவர் என்பவை சான்று. அவரைப் பற்றிச் சான்றுகள் தருவது மிகச் சொற்பம். ஐந்து பாகங்கள் முழுதும் குதிரையேறி, ஏரிக்கரையில் கனவு கண்டு, சிறைப்பட்டு, தப்பி, நம்மைச் சிரிக்கவும் பதறவும் வைக்கும் அந்த இளைஞன், மனைவியின் பெயருக்கு முன்னே வந்த ஓர் அடைமொழியிலிருந்து எழுந்து வந்தவன். இதை அறிந்தபோது எனக்கு நாவலின் மீதிருந்த அன்பு இரட்டிப்பாயிற்று.

மிளகாயும் மனமும்

இடைவெளியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு காலத்தில் இல்லாத பொருளையோ, சொல்லையோ, எண்ணத்தையோ அந்தக் காலத்தில் கொண்டுபோய் வைப்பதைக் 'காலப் பிழை' என்பர். எளிய எடுத்துக்காட்டு மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது 1498க்குப் பிறகுதான். நம்மிடம் ஏற்கெனவே இருந்த மிளகை ஒட்டியே அதற்குப் பெயர் வைத்தோம் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கொய்யா, புகையிலை ஆகிய யாவும் இந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. சோழர் காலத்து அடுப்பங்கரையில் மிளகாய் வற்றல் தாளிக்கிற மணம் எழுந்தால் அந்த நாவலாசிரியர் ஐந்நூறு ஆண்டுகள் வழுக்கிவிட்டார் என்று பொருள்.

ஊர்ப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். இராசேந்திரன் காலத்துக் கதையில் ஒருவர் சென்னைக்குப் பயணம் புறப்பட முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே இடம் பெற்றது 1639இல். ஆனால் அவர் திருவொற்றியூருக்கோ மயிலாப்பூருக்கோ திருவான்மியூருக்கோ தாராளமாகப் புறப்படலாம்.

பொருள்களில் வரும் பிழையைத் திருத்துவது எளிது. மனத்தில் வரும் காலப் பிழைதான் கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது. பத்தாம் நூற்றாண்டு மனிதன் இன்றைய மேடைப் பேச்சாளரைப் போல இனத்தையும் நாட்டையும் பற்றிப் பேசுவது, அக்காலப் பெண் இன்றைய சொற்களிலேயே விடுதலையை விளக்குவது, சாதியின் அடுக்குகளே இல்லாத ஒரு பொற்காலத்தை அரசன் ஆள்வது ஆகியவை மிளகாயைவிடப் பெரிய பிழைகள். ஏனெனில் மிளகாய் நம்மை ஏமாற்றுவதில்லை, இவை ஏமாற்றும். சிறந்த வரலாற்று நாவலில் ஒரு பாத்திரம் நமக்கு ஒவ்வாத ஒன்றைச் சற்றும் கூச்சமின்றி நம்பும் இடம் வரும். நாம் சங்கடப்படும் அந்த இடத்தில்தான் அந்தக் காலம் உண்மையாக நம் எதிரே நிற்கிறது என்பது என் அனுபவம்.

அரண்மனையிலிருந்து தெருவுக்கு

கடந்த சில பத்தாண்டுகளில் வந்த வரலாற்று நாவல்களில் எனக்குப் பிடித்தவை அரசர்களிடமிருந்து பெரும்பாலும் விலகியவை. காலம் நம்மை நெருங்க நெருங்கச் சான்றின் தன்மை மாறுகிறது. அதனால் இடைவெளியின் தன்மையும் மாறுகிறது. சோழர் காலத்தில் சான்று குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் சான்று குவிந்து கிடக்கிறது. ஆனால் அது யாருடைய குரலில் இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதை ஆதாரமாகக் கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை எழுதினார். நாட்குறிப்பில் கப்பல் வந்த நாளும், கவர்னர் பேசிய பேச்சும், கோவில் இடிக்கப்பட்டபோது பிள்ளையவர்கள் அடைந்த மனவேதனையும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் செல்வாக்குள்ள ஒரு வணிகரின் கண் வழியே வருபவை. அவர் வீட்டுத் திண்ணைக்கு வர முடியாதவர்களின் புதுச்சேரியை நாவல் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு இதைவிட நெருக்கமான நாவல் ஜெயமோகனின் 'வெள்ளை யானை'. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருஷப் பஞ்சத்தையும், மெரினாக் கரையில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களையும் பற்றியது அது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி அரசு ஆவணங்கள் ஏராளம். நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் 1 அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வகுத்ததும், அது உயிரைக் காக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்ததும் எழுத்தில் இருக்கின்றன. பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரும்போது ஓரமாகக் கருத்து ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்களின் கூலி கணக்கில் இருக்கிறது. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்கும் இல்லை.

இங்கே நாவலாசிரியர் ஒரு நுட்பமான தேர்வைச் செய்கிறார். நாவலின் மையப் பாத்திரம் ஐரிஷ்காரரான ஓர் ஆங்கிலேய அரசு அதிகாரி. எஞ்சியிருக்கும் ஆவணங்கள் அதிகாரிகள் எழுதியவை என்பதால், அதிகாரியின் கண் வழியாக நுழைந்து, அந்தக் கண் எங்கெங்கே பார்க்கத் தவறியது என்று காட்டும் வழி அது. யார் கதை சொல்கிறார் என்ற தேர்வுகூடச் சான்றின் வடிவத்தைப் பொறுத்து அமையக்கூடும் என்பதை இந்த நாவலை வாசித்தே நான் புரிந்துகொண்டேன்.

எழுத்தில் பதிவே இல்லாத மக்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் நினைவுகள், பாடல்கள், குலதெய்வக் கதைகள் ஆகியவற்றை 'வாய்மொழி வரலாறு' என்பர். மதுரையைக் களமாகக் கொண்டு பல நூற்றாண்டுகளைக் கடந்து செல்லும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இதை ஆவணங்களோடு பின்னுகிறது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஏடுகளில் ஒரு சமூகம் குற்றவாளிகளாக மட்டுமே தெரியும். அவர்களுடைய சொந்த நினைவில் அவர்கள் ஊர்களின் காவல்காரர்கள். இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்த நாவல். வாய்மொழி நினைவும் தவறக்கூடியதுதான், எங்கள் வீட்டு இரண்டு கதைகளைப் போல. ஆனால் ஏட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், பழங்காலத்தைப் பற்றிய நாவலில் சான்று போதாது என்பது சிக்கல். அண்மைக் காலத்தைப் பற்றிய நாவலில் சான்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது சிக்கல்.

பென்சிலோடு வாசித்தல்

நான் பல ஆண்டுகளாகக் கைக்கொள்ளும் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். வரலாற்று நாவலை முதல்முறை எந்தத் தடையும் இல்லாமல் வாசித்துவிடுகிறேன். இரண்டாம் முறை வாசிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். பக்க ஓரத்தில் சான்றுக்குச் 'ச', ஊகத்துக்கு 'ஊ', கற்பனைக்குக் 'க' என்று குறிக்கிறேன். ஆசிரியர் எழுதிய முன்னுரையும் பின்னுரையும் பாதி வேலையை முடித்துத் தந்துவிடும். மீதிக்குக் கன்னிமாரா நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன.

அண்ணன் மகளுக்கும் இதைப் பழக்கினேன். சென்ற பொங்கல் விடுமுறையில் தஞ்சாவூருக்குச் சென்றிருந்தோம். பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் இராசராசனின் புகழ்பெற்ற கல்வெட்டு தொடங்கும் இடத்தைக் காட்டினேன். தன் 26ஆவது ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், அரண்மனைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி, கோவிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், 'அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்', மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுக என்று மன்னன் வாய்மொழிந்ததாக அது கூறுகிறது.

அவள் கைப்பேசியில் அந்த வரியைத் தட்டச்சு செய்துகொண்டு, அதன் கீழே எழுதத் தொடங்கினாள். தனக்கு அடுத்தபடியாக, மனைவியருக்கும் முன்னே, அக்காவின் பெயரை வைத்தான்: ச. அக்காவின் மேல் அவனுக்குப் பெருமதிப்பு இருந்தது: ஊ. மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "சித்தப்பா, அவன் இதைச் சொன்னபோது குந்தவை பக்கத்தில் இருந்தாளா?" என்று கேட்டாள். கல்லில் இல்லை என்றேன். இம்முறை அவள் முகம் வாடவில்லை. மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நாங்கள் ரயிலைப் பிடிக்கக் கிளம்ப வேண்டிய நேரம் வரை.